விக்கெட் கீப்பரும் நீல வாளியும்

கொரோனா வந்த வருடத்தில் ஆளாளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சிலர் மொட்டைமாடியில் கத்திரிக்காய் வளர்த்தார்கள். சிலர் குக்கரில் கேக் செய்து, வெட்ட முடியாமல் முழித்தார்கள். அதெல்லாம் மன்னிக்கக்கூடிய பைத்தியங்கள். ஸ்ரீவித்யாவின் புருஷன் ஜெயகிருஷ்ணன் பரணில் ஏறினார். நாற்பத்தேழு வயதில், தொந்தியும் தானுமாக ஏணியில் ஏறி, ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவோடு இறங்கி வந்தார். அன்றைக்குப் பிடித்தது அந்த வீட்டுக்குச் சனி.

டப்பா நிறைய கிரிக்கெட் கார்டுகள். அவர் மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பபிள்கம் வாங்கினால் கூடவே ஒன்று வரும். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் ரன் கணக்கு. அந்தத் தெருப் பையன்கள் எல்லாரும் கார்டுக்காகத் தாடை வலிக்க மென்றார்கள். அப்புறம் மீசை முளைத்தது, வேலை கிடைத்தது, மறந்து போனார்கள். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான்.

"வித்யா, இதப் பாரேன்! அப்படியே இருக்கு!" என்று அவர் கண்கலங்கி நின்றார். தன் அப்பா செத்ததற்குக்கூட அவர் இப்படிக் கலங்கி அவள் பார்த்ததில்லை.

"கரப்பான் முட்டையும் அப்படியே இருக்கும். பால்கனியில வெச்சுப் பாருங்க" என்றாள் ஸ்ரீவித்யா.

பால்கனியில் வைப்பாரா? படுக்கையறை மேஜையில் வைத்தார். அங்கேதான் வம்பே ஆரம்பித்தது.

மாடம்பாக்கத்தில் அவர்களுடையது இரண்டு படுக்கையறை கொண்ட ஃப்ளாட். ஒன்றில் மகள் ஸ்ம்ருதி, எஞ்சினியரிங் இரண்டாம் வருடம், கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் படித்தாள். இன்னொன்றில் அந்த மேஜை. ஸ்ரீவித்யா ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்துவதற்கென்று தன் சம்பளத்தில் வாங்கிய மேஜை அது. பள்ளிக்கூடத்தை மூடி, பாடத்தைப் போனில் நடத்தச் சொன்ன பிறகு அவளுக்கு அந்த மேஜையும், சாத்த முடிந்த அந்தக் கதவும் சோறு போடுகிற சாமான்களாகிவிட்டன. ஹாலில் உட்கார்ந்து நடத்தலாம் என்றால் பக்கத்து மனையில் போர் போடுகிற சத்தம் காதைப் பிளந்தது.

மேஜை முழுக்கக் கார்டு பரப்பியாகிவிட்டது. தேசவாரியாக அடுக்குகிறாராம். விரல் பட்டால் எண்ணெய் ஒட்டுமாம், ஃபேன் போட்டால் பறக்குமாம், ஆகையால் யாரும் அறைக்குள் வரக் கூடாதாம். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையைப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீவித்யா சமையலறைக்குப் போனாள். வாஷிங் மெஷின் மூடிதான் மேஜை. துவரம்பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, இருபடிச் சமன்பாடு நடத்தினாள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒரு பையனின் அப்பா, "டீச்சர் சமையல் பண்ணிக்கிட்டே க்ளாஸ் எடுக்கறாங்க" என்று பள்ளிக்கு எழுதியே போட்டுவிட்டார். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இவருக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே. தன்னைப் போலவே தறிகெட்ட இருபது பேரைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தார். அத்தனை பேரும் தலை நரைத்தவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள். வாரம் ஒரு முறை கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு கார்டைத் தூக்கிக் காட்டி, "வாவ் ப்ரோ", "மூலை மடங்கவே இல்ல ப்ரோ" என்று உருகுவார்கள். அதிலே தலைவர் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற சாம்பசிவன் என்பவர். அவர் கார்டை இடுக்கியால்தான் எடுப்பாராம். அடேயப்பா, இதயத்தை மாற்றி வைக்கிற டாக்டர்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்.

ஜெயகிருஷ்ணனின் அடுக்கில் ஒரே ஒரு கார்டு குறைந்தது. பெரிய மட்டையாளர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜிம்பாப்வே டீமின் விக்கெட் கீப்பர். அந்த மனுஷன் பெயர் ஜிம்பாப்வேயிலேயே நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அவருக்காக ஜெயகிருஷ்ணன் தூக்கம் கெட்டார். சாம்பசிவனிடம் அது இரண்டு இருந்தது. ஒரு மாதம் குழைந்து, கெஞ்சி, தன்னிடம் இரட்டையாக இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்து, கடைசியில் சம்மதம் வாங்கினார். பெண் பார்த்து முடித்த மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வளைய வந்தார்.

இதற்கு நடுவே வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயகிருஷ்ணன்தான் அந்த ஃப்ளாட் சங்கத்தின் செயலாளர். கொரோனா வந்ததும் தன் ஃப்ளாட் வாசலுக்கு வெளியே ஒரு நீல வாளியை வைத்தார். சோப்புத் தண்ணீரும் டெட்டாலும் கலந்து, மேலே அட்டையில் எழுதி ஒட்டினார்: வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் வாளியில் ஊறிய பிறகே உள்ளே வரலாம். கவராக இருந்தால் ஓரம் கிழித்துப் போடவும். கொத்தமல்லிக் கட்டு ஊறியது, பால் பாக்கெட் ஊறியது. திருநீர்மலையிலிருந்து யாரோ அனுப்பிய பிரசாதப் பொட்டலம்கூட ஊறியது. வாட்ச்மேன் சம்பந்தம் ஒருநாள் மறந்துபோய்க் காய்கறிப் பையை நேரே உள்ளே நீட்டிவிட, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அவரைக் காய்ச்சி எடுத்தார்.

ஜூலையில் ஸ்ரீவித்யாவின் தோழி ஹேமாவதி டீச்சர் பள்ளியிலிருந்து ஆசிரியர் கைப்புத்தகத்தை வாங்கி வந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். புது சிலபஸ், அது இல்லாமல் பாடம் நடத்த முடியாது. ஜெயகிருஷ்ணன் கூசாமல் அதை வாளியில் முக்கினார்.

"ஐயோ, புக்குங்க!"

"உயிர் முக்கியமா, புக் முக்கியமா?" என்று கேட்டுவிட்டு, கை கழுவப் போனார்.

புத்தகம் ஊதிப் பெருத்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து ஃபேனில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அழுதுகொண்டே அவள் அதை மீட்டாள். அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருடைய கார்டு கவர்கள் மட்டும் வாளிப் பக்கமே போகாது. அவற்றை வெயிலில் வைத்தால் போதும் என்று எங்கிருந்தோ ஒரு ஃபார்வர்டு மெசேஜ் கண்டுபிடித்து வைத்திருந்தார். அது அவர் மனசுக்குள் மட்டும் இருந்த விதி. அட்டையில் எழுதவில்லை.

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. ஃபீஸ் வரவில்லை, கணக்கு டீச்சர் மூன்று பேரில் ஒருவரைக் குறைக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை பதினோரு மணி வகுப்பில் பிரின்சிபால் சுபத்ரா மேடமே வந்து உட்கார்ந்து பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவித்யா படுக்கையறை வாசலில் நின்றாள். அறைக்குள் கால் வைக்கவில்லை, எண்ணெய் பறந்து போய் ஒட்டிவிட்டால்?

"என்னங்க, நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் டேபிளக் குடுங்க. பிரின்சிபால் பாக்கறாங்க. இதுல என் வேலையே இருக்கு."

"நாளைக்கா? நாளைக்குத்தான் ஜிம்பாப்வே வருது. குரூப்ல எல்லாரும் லைவ்ல வெயிட் பண்ணுவாங்க, நான் கவர் பிரிக்கறதப் பாக்க."

"கார்ட ஒரு தட்டுல எடுத்து வெச்சுக்கிட்டு, ஸ்ம்ருதி ரூம்ல..."

"அவளுக்கு இன்டர்னல் எக்ஸாம். இத அசைக்கவே கூடாது, சொன்னா புரிஞ்சுக்க. நீ கிச்சன்லயே எடேன், பசங்களுக்குப் பழகிடுச்சு. உன்னப் போயி யாரு வேலைய விட்டு எடுக்கப் போறாங்க?" என்று பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

அவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். இந்த மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டால் தன் நாக்குக்கே அசிங்கம் என்று தோன்றிவிட்டது.

திங்கட்கிழமை விடிகாலையிலேயே சமையலை முடித்து, குக்கரை அலமாரிக்குள் பூட்டினாள். வாஷிங் மெஷின் மேல் வெள்ளைத் துணி விரித்து, நல்ல சேலை கட்டி, பருப்பு டப்பாவுக்கு எதிரே நின்றாள். பத்தே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. படுக்கையறையில் ஜெயகிருஷ்ணன் காதை அடைத்துக்கொண்டு ப்ரோக்களோடு சிரித்துக்கொண்டிருந்தார். இவளே போய்க் கதவைத் திறந்தாள். சம்பந்தம் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கையில் பழுப்புக் கவருடன் நின்றிருந்தார்.

"மேடம், சார் பேருக்குக் கொரியர் வந்துகீது. கேளம்பாக்கத்துலேர்ந்து" என்றவர் வாளியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "இன்னா மேடம், இத்தயும் முக்கணுமா? சார் அன்னிக்கு இன்னா பேஜார் பண்ணாரு!"

ஸ்ரீவித்யா கவரை வாங்கினாள். அனுப்புநர் சாம்பசிவன். உள்ளே என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். "நீங்க போங்க சம்பந்தம், நான் பாத்துக்கறேன்" என்றாள். அட்டையில் இருந்த விதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு முறை படித்தாள். கவரின் ஓரத்தைச் சுத்தமாகக் கிழித்து, நீல வாளியில் போட்டு, மேலே மிதக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தாள். மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. கை துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

என்றைக்கும் இல்லாத அமைதியோடு அன்றைக்கு நடத்தினாள். ஒரு சமன்பாட்டை மூன்று வழியில் போட்டுக் காட்டினாள். வாயே திறக்காத ஸ்நேகா என்ற பெண்கூடக் கை தூக்கி விடை சொன்னாள். திரையின் மூலையில் ஒரு கட்டத்துக்குள் சுபத்ரா மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படுக்கையறையில் ப்ரோக்கள் பொறுமை இழந்திருக்க வேண்டும். இன்டர்காமில் ஜெயகிருஷ்ணன் சம்பந்தத்தை அதட்டுவது கேட்டது. "என்னது, அப்பவே மேடம் கிட்ட குடுத்தாச்சா?" பிறகு வாசல் கதவு திறந்தது. பிறகு ஒரு அலறல்.

அவர் சமையலறைக்குள் வந்து நின்ற கோலத்தை என்ன சொல்ல! கேமராவுக்குத் தெரிகிற வரை இஸ்திரி போட்ட சட்டை. அதற்குக் கீழே கட்டம் போட்ட கைலி. கையில் நீர் சொட்டுகிற ஒரு கூழ். விக்கெட் கீப்பரின் முகம் உரிந்து அவர் கட்டை விரலில் ஒட்டியிருந்தது. ஸ்ரீவித்யாவின் போன் இதையெல்லாம் தலையிலிருந்து கால் வரை காட்டிக்கொண்டிருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இது என்னன்னு தெரியுமா, தெரியாதா?" என்று கத்தினார்.

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டியா? ஒரு மாசமா நாயா அலைஞ்சேன்டி! நீ எல்லாம் ஒரு டீச்சரா? இங்க நின்னு என்ன பெரிய..."

நாற்பது பிள்ளைகளும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ம்யூட் பட்டன் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒருநாளும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று மாமியார் போட்டிருந்த உத்தரவு. ரேஷன் கடையில் கேட்டால்கூட ஸ்ம்ருதியைத்தான் சொல்ல வைப்பாள். இப்போது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஹோம்வொர்க் செய்யாமல் வந்தவனைப் பார்ப்பது போல அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜெயகிருஷ்ணன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "க்ளாஸ் நடக்குது. கோ அண்ட் ஸ்டாண்ட் அவுட்சைட்."

அவர் போனுக்குள் நாற்பது முகங்களையும் மூலையில் ஒரு பெரிய அம்மாளையும் அப்போதுதான் பார்த்தார். கைலியை இழுத்துவிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பழகிய கால்கள் போலிருக்கிறது, தாமாகவே திரும்பின. வாசலுக்கு வெளியே போய், நீல வாளிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். அலறல் கேட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் மரியாதைக்கு எழுந்து, சிரிப்பை மறைக்க முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார்.

சுபத்ரா மேடம் தொண்டையைச் செருமினார்.

"ஸ்ரீவித்யா மிஸ், நைன்த் சி யாருக்கும் அடங்க மாட்டேங்கறாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து அவங்களையும் நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, திரையிலிருந்து மறைந்தார்.

ஸ்ரீவித்யா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்நேகா மெல்லக் கை தூக்கினாள்.

"மிஸ், அந்த அங்கிள் பாவம் மிஸ். உள்ள வரச் சொல்லலாமா?"

ஸ்ரீவித்யா திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் கட்டை விரலிலிருந்து விக்கெட் கீப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வரலாம்" என்றாள், அவருக்கும் கேட்கும்படி. "முதல்ல என் டேபிளக் காலி பண்றேன்னு சொல்லட்டும்."