இறக்கியாச்சு

பயந்தாங்கொள்ளி என்று புருஷன்காரன் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தான். ஆய்வுக்கூடத்தில் அயனிக் கற்றையை இயக்குபவள் அவள். அங்கேயே வாயுவும் பம்பும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன். வேலையிலும் அதே முகம், வீட்டிலும் அதே முகம். கிண்டலுக்கா பஞ்சம்?

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கற்றையில் வருவது நாற்பது எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த செனான் அணு, அகோரப் பசி. எதிரே குறியாக வைத்திருக்கும் மெல்லிய கரிப்படலத்தை மெல்ல வந்து தொட்டாலே போதும், அந்த இடத்து எலெக்ட்ரான்களை ஒரே வாயில் அள்ளிக்கொள்ளும். படலம் அங்கே வெடித்து ஓட்டையாகிவிடும். கனமான கிராஃபைட் என்றால் கொப்புளம். நுண்ணோக்கியில் எடுத்த அந்த ஓட்டைகளின் படத்தை முதல் தடவை பார்த்தபோது அவள் தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நம்ம உடம்புலயும் கார்பன்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

"உன் வாயில மட்டும் இல்ல. அது பூரா இரும்பு," என்றான் அவன்.

அன்று படலத்தில் பாதி ஓட்டைகள் போட்டாகிவிட்டது. செனான் வாயு தீரப்போய்க் கற்றை தள்ளாடியது. புது சிலிண்டர் மாட்ட அவன் கம்பிக்கூண்டுக்குப் போனான். கூண்டுக்குள் அயனிகளைப் பிறப்பிக்கும் கருவி முப்பதாயிரம் வோல்ட்டில் நிற்கும். கதவைத் திறந்தால் தானாக அணைய வேண்டும். ஆனால் அந்தச் சுவிட்ச் பழுது. புதியது வரும்வரை ஒயரைக் கட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொன்ன பிறகே உள்ளே போவது என்று இருவருமாகப் பேசி வைத்திருந்தார்கள். என்ன புத்தியோ!

கட்டுப்பாட்டு அறையில் அவள் பக்கத்து ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "இறக்கியாச்சா?"

தள்ளாடும் கற்றை பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று அவள் அப்போதுதான் படலத்தை அதன் பாதையிலிருந்து கீழே இறக்கியிருந்தாள். "இறக்கியாச்சு, இறக்கியாச்சு," என்றாள்.

திரையில் எதையோ சரிபார்த்துவிட்டு மீட்டர் பக்கம் திரும்பினாள். முப்பதாயிரம்.

ஐயோ! அவன் கேட்டது வோல்ட்டேஜை.

"உள்ள போகாதே!" என்று மைக்கில் கத்தினாள். கூண்டுக்குள் பம்ப் இரைச்சலில் எது கேட்கும்? மின்சாரத்தை ஒரேயடியாக அணைக்கும் சிவப்புப் பொத்தானுக்குக் கை பாய்ந்தது. அதை அழுத்துவதற்குள் கூண்டிலிருந்து படீரென்று ஒரு சத்தம்.

போச்சு, கொன்னுட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது.

கூண்டு வாசலில் அவன் நின்றிருந்தான். காலடியில் நீண்ட கைப்பிடி போட்ட எர்த் கம்பி கிடந்தது, கொக்கி கருகியிருந்தது. கருவியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்ப முதலில் அதைத்தான் வைப்பார்கள்.

"நீ இறக்கிட்டேன்னு சொன்னியே?" அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்... படலத்தைச் சொன்னேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், உதடு கோணியது. அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பியை எடுக்கச் சோம்பலா இருந்துச்சு. அதான் நீ சொல்லிட்டியேன்னு வெறுங்கையைத்தான் நீட்டப் போனேன். என்னவோ தோணுச்சு, திரும்பி வந்து எடுத்தேன்."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "இனிமே நான் சொன்னா நம்பாதே! கேக்குதா? நான் எது சொன்னாலும் நம்பாதே!"

"நம்பிடுவேனே," என்றான் அவன். "அதுதான்டி எனக்குப் பயமா இருக்கு."