கிளிக்கு ஆள் தெரியாது

பெண்ணாடத்திலிருந்து காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, விருத்தாசலத்தில் இறங்கி, பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் மடியில் தன் பையும் அதன்மேல் இன்னொருவர் பையுமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போதே வளர்மதிக்கு அன்றைய உயிரில் பாதி போயிருக்கும். மீதிப் பாதியைக் கிளி எடுத்துக்கொள்ளும்.

கிளி என்றால் சோசியக் கிளி இல்லை. டேப்லெட்டுக்குள் இருக்கும் கிளி. பிள்ளை ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், திரையில் கிளி காது கொடுத்துக் கேட்கும். வாசிப்பு பிடித்துவிட்டால் சிறகடிக்கும், பிள்ளையின் பெயர் பச்சையாகிவிடும். பிடிக்காவிட்டால் தலையைத் தொங்கப்போடும், பெயர் சிவப்பாகிவிடும். எவனோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்த கிளி. இந்தப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலை ஒட்டிக் கரும்பு டிராக்டர் போகும் என்று அவனுக்கு யார் சொல்வது? டிராக்டர் போனால் கிளி அதையும் ஒரு பிள்ளை என்று எண்ணிக் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. கடைசியில் வளர்மதிதான் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையைக் கண்டுபிடித்தாள். அங்கே சத்தம் வராது. காற்றும் வராது.

அவள் பி.எட். இரண்டாம் ஆண்டு. தமிழ் சொல்லிக்கொடுக்கப் பயிற்சிக்கு வந்தவள். வந்த முதல் நாளே தலைமை ஆசிரியர் மாணிக்கவேல் டேப்லெட்டை அவள் கையில் கொடுத்து, "வயசுப் புள்ளைங்க நீங்க. உங்களுக்குத்தாம்மா இதெல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்றால், பள்ளிக்கூடத்துக்கு இளைத்தவள் பயிற்சி ஆசிரியை. ஸ்மார்ட் போர்டு படுத்துக்கொண்டால் எழுப்புவது, நெட் போய்விட்டால் தன் போனிலிருந்து கொடுப்பது, எடுத்த பாடத்தைவிட அதிகமாக எடுத்த போட்டோக்களை ஏற்றுவது எல்லாம் அவள் தலையில். 'தொழில்நுட்பம் ஆசிரியரின் சுமையைக் குறைக்கிறது' என்று கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள்.

ஏழாம் வகுப்பில் கிளியிடம் சிவப்பு வாங்கியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் பெயர் செந்தமிழன். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் பையனுக்கு நிகர் யாருமில்லை. அம்மா வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிச் சூளையில் கோப்பை வெடித்த கதை, சூப்பர்வைசருக்கும் லாரிக்காரருக்கும் நடந்த சண்டை என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் மணி அடித்ததுகூடத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால்தான் எழுத்தெல்லாம் அவனோடு டூ விட்டுவிடும்.

சிவப்பு வாங்கிய பிள்ளைகளுக்கென்று செவ்வாயும் வியாழனும் ராஜ்மோகன் என்ற சிறப்பு ஆசிரியர் வருவார். சைக்கிள் ஷெட்டில் ஐந்து பேரையும் உட்கார வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத மனிதர், எழுத்துக் கூட்டச் சொல்லித்தருவார். கொஞ்ச நாளாகச் செந்தமிழன் இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிவிடுகிறான். ஒருநாள் வளர்மதியின் பின்னாலேயே ஓடிவந்து, ஆட்டோவின் முதுகைக் காட்டி, "டீச்சர், 'அம்மா'ன்னு போட்டுருக்குது!" என்று கத்தினான். அன்று மட்டும் அவளுக்குப் பேருந்தில் கால் வலிக்கவில்லை.

ஆனால் விதி ஒன்று இருந்தது. சிவப்புப் பெயர் இருக்கும் வரைதான் ராஜ்மோகன் வருவார். எல்லாம் பச்சையாகிவிட்டால் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாணிக்கவேலுக்கு எல்லாம் பச்சையாக வேண்டும். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, களைத்தவர். "சுத்துப்பட்டு ஸ்கூலெல்லாம் பச்சையாயிடுச்சும்மா. நம்ம அஞ்சு பேருக்காக தெனம் எனக்கு போன் வருது. பச்சையாயிட்டா ஒருத்தனும் நம்மள நோண்ட மாட்டான்."

"அந்த அஞ்சு பேரு செவப்பாவே இருக்கட்டும் சார். இப்பதான் கூட்டிப் படிக்க வருது."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம உங்க மேடம் வராங்க. டெக்னாலஜி கிளாஸ வச்சுத்தான் மார்க்குன்னாங்க. பாத்துக்குங்க" என்றார்.

மேடம் என்றால் கல்லூரியின் மேற்பார்வைப் பேராசிரியை சுலோச்சனா. அவர் போடும் மதிப்பெண் போய்விட்டால் இன்னொரு வருடம் இதே பேருந்து, இதே ஆட்டோ, இதே அரிசி மூட்டை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வகுப்பு முழுவதும் கிளியிடம் மறுபடி வாசித்தது. நெட் போனது, வந்தது, போனது. சுலோச்சனா மேடம் வராந்தாவில் நாற்காலி போட்டு, கோப்பால் விசிறிக்கொண்டு, "இன்னும் எத்தன பேருமா?" என்று கேட்டபடி இருந்தார். அறைக்குள் வளர்மதிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. காலையில் சாப்பிடவில்லை. தலை விண்விண் என்றது. கடைசியில் அந்த ஐந்து பேர்தான் மிச்சம். கூடவே, உதவிக்கென்று நின்ற கவிப்ரியா. வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள். வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட அவளிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

"டீச்சர், இவங்களுக்கும் நானே படிச்சுடட்டுமா? கிளிக்கு ஆளு தெரியாது."

"ம்" என்றாள் வளர்மதி.

இலக்கணப்படி அதற்கு அரை மாத்திரைதான். நினைத்துப் பார்ப்பதற்குள் சொல்லி முடிந்துவிட்டது. கவிப்ரியா ஐந்து முறை வாசித்தாள், கிளி ஐந்து முறை சிறகடித்தது. மாணிக்கவேல் எல்லோருக்கும் டீயும் மிக்சரும் வரவழைத்தார். சுலோச்சனா மேடம், "நல்லா பண்ணிருக்கீங்கம்மா" என்று சொல்லி, அடுத்த வாரம் வந்து மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதாகக் கூறிப் புறப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை ராஜ்மோகன் வரவில்லை. சைக்கிள் ஷெட்டில் செந்தமிழன் மட்டும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற நால்வரும் விட்டது தொல்லை என்று விளையாடப் போய்விட்டார்கள். "நானே மத்தியானத்துல சொல்லித்தரேன்டா" என்றாள் வளர்மதி. மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அந்த மத்தியானத்தைப் போட்டோ ஏற்றும் வேலை தின்றது. மறுநாள் மத்தியானத்தை ஸ்மார்ட் போர்டு தின்றது. அதற்கடுத்த நாள் அவள் மேசையில் தலையைச் சாய்த்தவள் மணி அடித்துத்தான் எழுந்தாள். குற்றம் மனதில் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சுலோச்சனா மேடம் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்த நேரம், பாஞ்சாலை மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். செந்தமிழனின் அம்மா. பீங்கான் கம்பெனியில் கோப்பைக்குக் காது ஒட்டும் வேலை. தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை மண் படிந்திருந்தது. வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள்.

"சார், இவன் திமிர நீங்களே கேளுங்க. ஒங்க ஸ்கூல்லேர்ந்து என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. 'உங்கள் மகன் செந்தமிழன் சரளமாக வாசிக்கிறார்'னு போட்டுருக்குதாம். கம்பெனி பூரா சொன்னேன் சார். வாய் ஓயாம சொன்னேன். நேத்து கம்பெனி கேட்டுல ஏதோ நோட்டீஸ் ஒட்டுனாங்க. எல்லாரும் நிக்கிறாங்க, இவன் நிக்கிறான். 'படிடா, என்ன போட்டுருக்குது'ன்னேன். வாயத் தொறக்கல. கல்லாட்டம் நிக்கிறான். நாலு பேரு சிரிச்சுட்டாங்க சார். வூட்டுக்கு வந்து அடிச்சேன். அப்பவும் படிக்கல. ஸ்கூல்ல படிக்கிறவன் எங்கிட்ட மட்டும் ஏன் படிக்க மாட்டேங்கிறான்? அம்மாக்காரி கூலிக்காரின்னா அவ்ளோ எளக்காரமா?"

சட்டைக் கைக்குக் கீழே பையனின் கையில் விளக்குமாற்று அடி வரிவரியாகத் தடித்திருந்தது.

மாணிக்கவேல் வளர்மதியைப் பார்த்தார். மேடத்தின் பேனா தாளுக்கு மேல் நின்றது. ஒரு சமாளிப்பு போதும். 'பயந்துக்கிட்டு இருப்பாம்மா, போகப் போகச் சரியாயிடும்' என்று சொன்னால் பாஞ்சாலை நம்பிவிட்டுப் போவாள். வளர்மதிக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

அப்போதுதான் செந்தமிழன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். யாருக்கும் தெரியாமல், லேசாக, உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அந்த ஒரு ஆட்டலில் வளர்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமும் கோபமும் எல்லாமுமாக.

"அவன் மேல தப்பில்லம்மா. அவனுக்கு இன்னும் படிக்க வராது. கிளிகிட்ட அவன் படிக்கவே இல்ல. கவிப்ரியா படிச்சா. நான்தான் சரின்னேன்."

பாஞ்சாலை மகனைத் திருப்பி நிறுத்தினாள். "அடிக்கும்போது ஏன்டா சொல்லல?"

"சொன்னா டீச்சருக்கு மார்க்கு போயிடும்னு கவிப்ரியா சொன்னா."

பாஞ்சாலை வளர்மதி பக்கம் திரும்பினாள். திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நான் அடிச்சது?" என்று மட்டும் கேட்டாள்.

வளர்மதியின் கண் பையன் கையின் தடிப்புகளில் போய் நின்றது.

மாணிக்கவேல் செருமினார். "சரிம்மா, ஆனது ஆயிப்போச்சு. ரிப்போர்ட்டு மேல போயிடுச்சு. இனிமே மாத்துனா..."

"மாத்தலாம் சார்," என்றாள் வளர்மதி. "உங்க பாஸ்வேர்டு போட்டா மறுபடி வாசிக்க வைக்கலாம். செவப்பு வந்துட்டா ராஜ்மோகன் சார அனுப்புவாங்க."

"அத செய்யுங்க சார்" என்றாள் பாஞ்சாலை. "பச்சையோ செவப்போ எனக்குத் தெரியாது. எம்புள்ளைக்குப் படிக்க வரலன்னு எழுதுங்க. அப்பதான் சொல்லித்தர ஆள் வருவாங்கன்னா அப்பிடியே எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் எடத்த விட்டு நவுர மாட்டேன்."

மாணிக்கவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். இனி வரப்போகும் போன்களையெல்லாம் ஒருமுறை மனதுக்குள் எடுத்துப் பேசி முடித்தவர்போல இருந்தது. பிறகு டேப்லெட்டை இழுத்து, ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். "மத்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார். சுலோச்சனா மேடம் பேனாவை மூடி, மார்க் ஷீட்டைக் கையெழுத்தில்லாமலேயே பைக்குள் வைத்தார். "உங்களோடத நான் அப்புறம் பாக்குறேன்மா" என்றார். அப்புறம் என்றால் என்னவென்று வளர்மதிக்குத் தெரியும். பெண்ணாடம் பேருந்து ஒரு முழு வருடத்துக்கும் கண்முன் வந்து நின்றது.

செந்தமிழன் திரைக்கு முன் உட்கார்ந்தான். வெளியே டிராக்டர் ஒன்று போனது. அது போய் முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ம... ழை. மழை," என்றான். "வ... ந்... த... து. வந்தது." அடுத்த சொல் நீளமாக இருந்தது. உதட்டைக் குவித்தான், பிரித்தான், விரலைச் சொல்லின் மேல் வைத்துத் தேய்த்தான். நேரம் முடிந்தது. பெயர் சிவப்பானது.

"முடிஞ்சுதா டீச்சர்?" என்றாள் பாஞ்சாலை. "செவப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"இனிமே சொல்லித்தருவாங்கல்ல?"

"தருவாங்க."

பாஞ்சாலை தலையாட்டிக்கொண்டாள். மகன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, வெள்ளை மண் ஒட்டிய விரலால் அந்தத் தடிப்பை நீவினாள்.

"வலிக்குதாடா?"

செந்தமிழன் முதலில் டீச்சரைப் பார்த்தான், அப்புறம் அம்மாவைப் பார்த்தான். இனிமேல் யாருக்காகவும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வலிக்குதும்மா" என்று சொல்லி, நேற்று அழாததையெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தான்.