பவுனு கக்காத வாரம்

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது சாக்கைத் தூக்கியதும் எலி பாய்ந்தது. அழகமுத்து அதற்கென்றே காத்திருந்தவன். கையிலிருந்த வாளியைக் கவிழ்த்து ஒரே அமுக்காக அமுக்கிவிட்டான்.

“ஒங்கட பிம்புராவுக்கு சாப்பாடு வந்துட்டு,” என்றார் றஹீம். வாராவாரம் மாத்தளை டவுனிலிருந்து லொறியோடு வந்து தோட்டத்துக் கொக்கோவை ஏற்றிப்போகிறவர் அவர்.

அந்தக் கொக்கோ ஸ்டோரில் வியாழக்கிழமை மட்டும்தான் சாக்குகள் இடம் மாறும். சாக்கு நகர்ந்தால்தான் அடியில் குடியிருக்கிற எலி வெளியே வரும். அதனால் பவுனுக்கு வியாழக்கிழமைதான் விருந்து. மூன்று வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

பவுனு ஒரு மலைப்பாம்பு, சிங்களத்தில் பிம்புரா. கொக்கோத் தோல் குவியலுக்குள் முழ நீளத்தில் சுருண்டுகிடந்ததை அழகமுத்துதான் எடுத்துவந்தான். மஞ்சளும் பழுப்புமாக அது மினுங்கிய மினுங்கலில் பேர் தானாக வாயில் வந்தது. இப்போது அவனைவிட நீளம். கொக்கோ காயவைக்கிற சூட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி அதன் வீடு. அதற்கு அடுத்த காம்பராவில் அழகமுத்து. பதுளைப் பக்கத்திலிருந்து சூட்டறைக்குத் தீப்போடும் வேலைக்கு வந்தவன். அந்தத் தோட்டத்தில் அவனுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பகலெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளுவான், பவுனோடு பேசுவான். பவுனு கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பவுனுதான் நாலு வாரமாகத் தின்றதைக் கக்கிக்கொண்டிருந்தது. வியாழன் விழுங்கும், சனிக்கிழமை விடியும்போது பாதி கரைந்த எலி பெட்டிக்கு வெளியே கிடக்கும். அந்த நாற்றம் ஸ்டோரைத் தாண்டி ரோட்டு வரைக்கும் போகும். உடம்பு வற்றி முதுகெலும்பு துருத்திக்கொண்டது. பெருங்காயம் கரைத்துப் பார்த்தான். ஓமத்தண்ணி வைத்தான். இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்து எலியின்மேல் தடவிக்கூடக் கொடுத்தான். எதுவும் கேட்கவில்லை.

“டாக்குத்தரக் கேட்டீங்களா நானா?” என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கேட்டன். மாட்டு டாக்குத்தர்தானே, மொதல்ல சிரிச்சார். பொறகு நல்லாத்தான் விசாரிச்சார். என்ன திங்கிது, எவ்வளவு திங்கிது, எங்க கெடக்கிது எண்டு. நீங்க சொல்லித்தந்தபடியே சொன்னன். எல்லாம் சரியாத்தான் ஈக்கிது எண்டார்.”

“அப்பறம்?”

றஹீம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “இன்னொரு தரம் கக்கினா உடம்பு தாங்காதாம். அதோட சரியாம்.”

வாளிக்குள் எலி சுரண்டியது. கொடுப்பதா வேண்டாமா என்று அழகமுத்து யோசித்தான். கொடுக்காவிட்டாலும் பட்டினியில் போய்விடும். கொடுத்தான். பவுனு சடக்கென்று பிடித்துச் சுற்றி நெரித்து, வாயை அகலத் திறந்து மெல்ல மெல்ல உள்ளே இழுத்தது. நடுவயிற்றில் தேங்காயளவுக்குப் புடைப்பு இறங்கி நின்றது.

“நா வெளிக்கிடுறன்,” என்றார் றஹீம். “டவுனெல்லாம் கடதாசி ஒட்டிட்டானுவள். நாளைக்கும் மறுநாளைக்கும் ஒண்டும் ஓடாது. நீங்களும் வெளிய தல காட்ட வாணாம்.”

எண்பத்தொன்பதாம் வருஷத்தில் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய பையன்கள் கடதாசி ஒட்டினால் கடை திறக்காது, பஸ் ஓடாது, ஆள் அசையாது. அதற்குமேல் அரசாங்கம் வேறு ஊரடங்கு போடும். வெள்ளிக்கிழமை விடிந்தபோது ரேடியோவும் அதைத்தான் சொன்னது. கோயில் வளைவில் ஆமி ட்ரக் ஒன்று வந்து நின்றுகொண்டது. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவில்தான் அந்த வளைவு.

அழகமுத்து சூட்டறை அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டு ஸ்டோருக்குள்ளேயே கிடந்தான். வெளியே மழை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடைப்பையே பார்த்தான். “ராசாத்தி, வச்சுக்க. இந்த ஒரு வாட்டி வச்சுக்க,” என்றான். பவுனு நாக்கை நீட்டி இழுத்தது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மூக்கைத்தான் முதலில் நம்பினான். நாற்றம் இல்லை. எழுந்து ஓடிப் பெட்டியை எட்டிப் பார்த்தான். புடைப்பு அங்கேயே இருந்தது. கொஞ்சம் கீழே இறங்கிக்கூட இருந்தது.

சந்தோஷத்தில் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. காயப்போடுகிற தளத்துக்கு ஓடி, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் தெரிகிற லயத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். லயத்து வாசலில் யாரோ ஒரு பொம்பளை, விஷயம் என்னவென்று தெரியாமலேயே பதிலுக்குக் கையாட்டினாள். ட்ரக் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டதும் குனிந்து உள்ளே வந்துவிட்டான்.

ஏன் கக்கவில்லை? அதே எலிதான். அதே பெட்டிதான். இந்தத் தடவை பெருங்காயம்கூடப் போடவில்லை, தீர்ந்துபோயிருந்தது. யோசித்துக்கொண்டே பழக்கத்தில் சாக்குத்துணியை எடுத்துத் தரையைத் துடைக்கக் குனிந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிற தரை அது.

தரை காய்ந்து கிடந்தது.

துணியோடு அப்படியே நின்றுவிட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே மஞ்சள் தண்ணி தேங்கியிருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லயத்துப் பொம்பளைகள் வந்து பவுனுக்கு மஞ்சள் நீராட்டுவார்கள்.

ஆரம்பித்துவைத்தவள் புஷ்பவதி. எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவள். ஒருநாள் ஸ்டோரைக் கூட்ட வந்தவள் பவுனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்; அடுத்த வருஷம் மடியில் ஒரு பெண்பிள்ளை. அதிலிருந்து பவுனு பொம்பளைகளுக்கு நாகம்மா. ஆடி மாதம் தொடங்கி வெள்ளிக்கிழமை பூசை. முதலில் பூவும் பொட்டும் மட்டும்தான். பிறகு பீலித் தண்ணியில் மஞ்சள் கரைத்து ஒரு குடம். கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணி, கை வைத்தால் விரல் விறைக்கும். குளிப்பாட்டி முடிந்ததும் இருபது பேர் கைமாற்றிக் கைமாற்றி மடியில் போட்டுக்கொள்வார்கள். கக்க ஆரம்பித்ததும் அம்மனுக்கு ஏதோ குறை என்று ஒரு குடத்தை மூன்று குடமாக்கினார்கள்.

அழகமுத்து விரலை மடக்கி எண்ணினான். குளிப்பாட்டு தொடங்கி நாலு வாரம். கக்கல் தொடங்கியும் நாலு வாரம்.

டாக்குத்தர் எல்லாம் கேட்டார். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சாமி கும்பிடுவதை வைத்தியனிடம் போய் யார் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரடங்கை எடுத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் பேச்சும் வளையலுமாக வாசலில் சத்தம் கேட்டது. புஷ்பவதி முன்னால் வந்தாள். இடுப்பில் பிள்ளை, தலையில் குடம். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர்.

“வெள்ளிக்கெழம வுட்டுப்போச்சுண்ணே. அதான் இன்னைக்கு செஞ்சுருவோம்னு வந்தோம்,” என்றாள்.

அழகமுத்து வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றான். “இன்னைக்கு வேணாம் தங்கச்சி.”

“ஏன், செத்துப்போச்சா? நேத்து ஒரு ஆளு தளத்துல நின்னு மாரடிச்சதாச் சொன்னாங்களே.”

“சாகல. கக்கல. மூணு நாளாச்சு, கக்கல.” சொல்லும்போதே அவன் முகமெல்லாம் சிரிப்பானது.

பொம்பளைகள் குலவையிட்டுவிட்டார்கள். புஷ்பவதி குடத்தை இறக்கி முந்தானையை இழுத்துச் சொருகினாள். “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நாகம்மா மனசு எறங்கிட்டா. தள்ளுங்க, தண்ணி ஊத்துவோம்.”

“தண்ணி ஊத்துனாத்தான் கக்குது.”

“என்னா சொன்னீங்க?” என்றாள் புஷ்பவதி.

“நாலு வாரமா நீங்க குளிப்பாட்டுறீங்க. நாலு வாரமா கக்குது. இந்த வாரம் நீங்க வரல.”

“நல்லாருக்கே கத,” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. “இஞ்சிச் சாறு, ஓமத்தண்ணின்னு இவரு ஊத்தாத தண்ணியா? பழிய மட்டும் நம்ம குடத்து மேல போடுறாரு.”

“தனியாவே கெடந்து கெடந்து ஒங்களுக்குப் புத்தி பெசகிப்போச்சுண்ணே,” என்றாள் புஷ்பவதி. குரல் தணிந்திருந்தாலும் கண் சிவந்திருந்தது. “இவ பொறந்ததே நாகம்மா குடுத்த வரம். அவளுக்கு ஊத்துற தண்ணியில குத்தமுன்னா, எம் புள்ளையிலயும் குத்தமா?”

அழகமுத்து அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். அதன் கன்னத்தில் ஒரு பருக்கை சோறு ஒட்டிக் காய்ந்திருந்தது.

“புள்ள சாப்புட்டுச்சா?” என்று கேட்டான்.

“இப்பத்தான் ஊட்டிட்டு வாரேன். அதுக்கென்னா?”

“அப்ப இந்தக் கொடத்த அது தலையில ஊத்துங்க.”

“இது என்னா பேச்சு? சோறு தின்ன வயித்தோட பச்சத்தண்ணி ஊத்துனா புள்ள கக்காதா...”

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே நிறுத்தினாள். பின்னால் யாரோ “அட” என்றார்கள். புஷ்பவதி குடத்தைப் பார்த்தாள். உள்ளே பெட்டி இருக்கிற பக்கம் பார்த்தாள்.

“நா வியாழக்கெழம திங்கக் குடுக்குறேன்,” என்றான் அழகமுத்து. “நீங்க வெள்ளிக்கெழம ஊத்துறீங்க. நெறஞ்ச வயித்துல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னா?”

“எனக்கும் நேத்துத்தான் தெரியும்.”

புஷ்பவதி குடத்தை எடுத்து வாசல் வாழைக்கு ஊற்றினாள். “நீங்க சொல்றது நெசமா இல்லையான்னு பாப்போம். தின்னது கீழால வரணும். வந்தா நம்புறேன். அடுத்த வெள்ளிக்குள்ள வரலன்னா, நீங்க வாசல்ல நின்னு மறிச்சாலும் நா ஊத்துவேன்.”

“வரும்,” என்றான் அழகமுத்து. வருமா என்பது அவனுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை. திங்கட்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை, அழகமுத்துவின் பேர் வந்ததும், “என்னாப்பா, போச்சா?” என்றார். “இன்னும் இல்லீங்க” என்றான். செவ்வாயும் இல்லை. மலைக்குப் போகிறவர்கள் ரோட்டிலிருந்தே கையால் கேட்டார்கள். இவன் கையால் இல்லை என்றான். புதன்கிழமை வயிற்றுப் புடைப்பு முழுதாக மறைந்து, பவுனு ஒரே சீராகத் திரண்டு கிடந்தது. தோலில் பழைய மினுங்கல் வந்திருந்தது. ஆனால் ஒன்றும் கீழே இறங்கவில்லை. புதன் சாயந்தரம் புஷ்பவதி தானாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாளுதான்,” என்றாள். மிரட்டுகிறாளா, கவலைப்படுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை றஹீமின் லொறி வந்தது. சாக்கைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கூட்ட வந்த பொம்பளைகளில் புஷ்பவதியும் இருந்தாள். இரண்டாவது சாக்கிலேயே எலி பாய்ந்தது. அழகமுத்து வாளியைக் கவிழ்க்கப் போன நேரம், பெட்டிக்குள் ஏதோ உரசியது.

“அண்ணே,” என்றாள் புஷ்பவதி மெல்ல. “வாலத் தூக்குது.”

வாளி எலியின்மேல் விழுந்தது. வாளியின்மேல் அழகமுத்து உட்கார்ந்துவிட்டான். மற்ற எல்லாரும் சாக்கைப் போட்டது போட்டபடி பெட்டியைச் சூழ்ந்தார்கள். இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்தால் எலி ஓடிவிடும்.

“என்னா நடக்குது? யாராச்சும் சொல்லுங்களே.”

“வருது,” என்றாள் புஷ்பவதி. “வருதுண்ணே. கறுப்பா வருது. இந்தா, சுண்ணாம்புக் கட்டியாட்டம் வெள்ளையாவும் ஒண்ணு. எலி மசுருகூட இருக்கு.”

“வெள்ளையா? வெள்ளையும் வந்துச்சா? அப்ப சரி, அப்ப சரியாப்போச்சு.” அவன் வாளியின்மேல் இருந்தபடியே தொடையில் தட்டினான். “நல்லா இருந்த காலத்துல அப்பிடித்தான் போகும்.”

“மாஷா அல்லாஹ்,” என்றார் றஹீம். பிறகு தான் எதைப் பார்த்து அதைச் சொன்னோம் என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவும் ஸ்டோரே சிரித்தது. ஒருத்தி குலவையிட்டாள். சாக்குத் தூக்க வந்த பையன்கள் கைதட்டினார்கள். வெளியே போய்க்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை சத்தம் கேட்டு உள்ளே வந்து, விஷயம் அறிந்து, “போச்சா?” என்று கேட்டு, தானும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

புஷ்பவதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகமுத்துவின் முன்னால் வந்து நின்றாள்.

“நாங்கதானேண்ணே கொல்லப் பாத்தோம்?”

“யாருக்கும் தெரியாதும்மா. நாந்தானே வாராவாரம் எலியக் குடுத்துட்டு ஒங்க கையிலயும் தூக்கிக் குடுத்தேன்.”

“வெள்ளிக்கெழமய மாத்த ஏலாது. அது சாமி நாளு.”

“வியாழக்கெழமய நா எப்பிடி மாத்துறது? அன்னைக்குத்தானே எலி வருது.”

அவள் யோசித்தாள். பிறகு குனிந்து, அவன் உட்கார்ந்திருந்த வாளியை விரலால் சுண்டினாள். “எலிக்கு ஒரு கூடு செய்ங்க. ஒரு நா நாகம்மா பசியோட கெடக்கட்டும். நாங்க வந்து ஊத்திட்டுப் போனதுக்கப்பறம், ஒடம்பு காஞ்சதும் குடுங்க. ஆறு நாளு கெடைக்குமுல்ல, செமிக்க?”

அழகமுத்து வாளியைக் குனிந்து பார்த்தான். இவ்வளவு லேசான காரியமா?

றஹீம் லொறியிலிருந்து பழைய கம்பிவலைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து போட்டார். பகல் சாப்பாட்டுக்குள் கூடு தயாரானது.

மறுநாள் பொம்பளைகள் வந்தார்கள். ஒரே ஒரு குடம்தான். புஷ்பவதி அதைச் சூட்டறை அடுப்பின்மேல் ஏற்றி, ஆவி கிளம்பியதும் இறக்கி, பச்சைத்தண்ணி கலந்து, முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குத் தண்ணி வார்க்கும்போது பார்ப்பாளே, அப்படி.

“சூடு போதுமா?” என்றான் அழகமுத்து, பவுனைத் தோளில் போட்டபடி.

“போதும்ணே. கொண்டாங்க.”

முதல் கை தண்ணி விழுந்ததும் பவுனு தலையைத் தூக்கியது. அடுத்த கைக்குத் தலையைச் சாய்த்து அவன் கழுத்தில் வைத்துக்கொண்டது. மூலையில், கம்பிவலைக்குள், எலி கொக்கோத் தோலைக் கொறித்துக்கொண்டிருந்தது. அழகமுத்து அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றான்.