கேப்டனுக்கு ஒரு மாத்திரை

மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவளுக்கு வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கச் சாமான். நடுவில் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் சித்தி அனுப்பிய பட்டியலைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயதாகியும் தன் துணியைத் தானே மடிக்காத மகராசி!

எல்லாம் தங்கை செய்த வேலை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், அதோடு சும்மா இருக்காமல் போன வருஷம் பாய்மரப் படகு ஓட்டவும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நாளை மறுநாள் கிளம்பி ஒரு வாரம் எல்லோருக்கும் படகிலேயே விடுமுறை. படகுதான் வாடகைக்கு வரும், ஓட்ட ஆள் வராது. தங்கைதான் கேப்டன். இது முடிவான நாளிலிருந்து இந்த வீட்டில் பொழுது விடிந்தால் பொழுது போனால் சித்தி புராணம்.

அவள் அலமாரி மேலிருந்து சக்கரம் வைத்த பெட்டியை இறக்கினாள்.

"அது வேணாம்மா. படகுல பெட்டி வைக்க இடமே இருக்காது. துணிப்பைதான். காலியானதும் மடிச்சு படுக்கைக்கு அடியில செருகிடலாம். சித்தி சொன்னாங்க."

"சரி, இந்தக் குடையையாவது வை."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "படகுல குடையா? காத்துல நீயும் சேர்ந்து பறந்துடுவ!" அடுக்களையிலிருந்து கணவரும் சேர்ந்து சிரித்தார். "கேப்டன் உத்தரவு இல்லாம ஒரு ஊசி கூட உள்ள போகாதுபோல!"

இவளுக்கு வயிறு எரிந்தது. மூடி மறைப்பானேன், பொறாமைதான். கூடப் பிறந்தவள் மேல், அதுவும் தூக்கி வளர்த்தவள் மேல், பச்சைப் பொறாமை. அவள் கப்பலே ஓட்டட்டும், யார் கேட்டது? பெற்ற பெண்ணை அல்லவா ஓட்டிக்கொண்டு போகிறாள்! போன பரீட்சையில் கணக்கில் ஃபெயிலானதை மகள் முதலில் சொன்னது சித்தியிடம். அம்மாவுக்குத் தெரியப் பத்து நாளாயிற்று. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டுகிற பெண், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு சித்தியோடு போனில் பேசுகிறாள்.

"துணி கிளிப் நாலு டஜன். இல்லன்னா துண்டெல்லாம் கடலோட போயிடும். தலையில மாட்டுற டார்ச், சிவப்பு லைட்டு, ராத்திரி கண்ணு கூசாது. வெள்ளை அடி ஷூ, கறுப்புன்னா தளத்துல கோடு விழும்..." மகள் பாடமாக ஒப்பித்தாள். "அம்மா, பயமா இருந்தா சொல்லிடு. சித்தி பாத்துப்பாங்க. அவங்களுக்கு எதுக்குமே பயமில்ல, ஒண்ணுமே ஆகாது."

இவள் கைப்பைக்குள் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. காலையில்தான் தங்கை கடைக்கே போன் பண்ணியிருந்தாள். "அக்கா, உன்னை விட்டா யார்கிட்ட கேப்பேன்? வாந்திக்கு, தூக்கம் வராத மாத்திரையா பாத்து வை. சுக்கான் பிடிக்கிறப்ப ஒண்ணுமில்ல. கீழ இறங்கி குனிஞ்சு வரைபடம் பாத்தா பத்தே நிமிஷம், குமட்டுது. யாருக்கும் தெரியக் கூடாதுக்கா."

சின்ன வயதில் பஸ் ஏறினாலே அக்கா மடியில் வாந்தி எடுத்தவள் அவள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வருவதில்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் டிரைவரே ஆனாள். இருபத்தைந்து வருஷமாக அக்கா அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று சொன்னாள்.

"ஒண்ணுமே ஆகாதா?" அட்டையை எடுத்து மகள் மடியில் போட்டாள். "யாருக்குன்னு நெனச்ச? உன் கேப்டனுக்குத்தான். படகு ஆடினா முதல்ல வாந்தி எடுக்கப்போறது அவதான். பஸ்ல அவ போட்ட கூத்தையெல்லாம் துடைச்சது நான். பெரிய கேப்டன்!"

சொல்லும்போது தேனாக இனித்தது. மகள் முகம் மாறுவதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

மாறவில்லை. "தெரியும்மா" என்றாள் மகள். "போன மாசம் படகு பாக்கப் போனப்ப என் முன்னாடிதான் எடுத்தாங்க. நான்தான் வாளி பிடிச்சேன்."

அவள் அட்டையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள்.

"அப்ப சித்தி சொன்னாங்க, 'இது உங்கம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். உசிரே போனாலும் அவ வாயிலேருந்து வராது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட ஓடி வராத, அம்மாகிட்ட சொல்லு'ன்னு." மகள் அட்டையைத் துணிப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்து மூடினாள். "நீ இப்ப சொன்னத நான் சித்திகிட்ட சொல்லமாட்டேன். கவலப்படாத."

அவளுக்கு நின்ற இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. சாமான்களை ஒதுக்கி மகள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னு இருந்தியாடி?"

"இருந்தேன்."

"சொல்லும்மா."

மகள் துணி கிளிப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா. எண்ணிட்டிருக்கேன், விட்டுப்போயிடும்."