இடது பின் பிரேக்

வடக்குப்பட்டு நடேசன் பிரேக்கை மிதித்தால் காருக்கு இடப்பக்கம் இருந்தவை மட்டும் நின்றன. டீக்கடையில் ஆற்றிய டீ இரண்டு டம்ளருக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கும்; வலப்பக்கத்துக் கோழிகள் பாட்டுக்கு மேயும். 2003 தையிலிருந்து இப்படித்தான்.

எல்லாம் மாடியறையில் குடியிருந்த வனமாமலையின் கைவேலை. நாங்குநேரிக்காரன், கார் கம்பெனி லைனில் இடது பின்சக்கரத்து பிரேக் மட்டும் பூட்டுபவன். ஒரு ஞாயிறு, வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து, சக்கரம் கழற்றி, தேய்ந்த பேடுகளை உருவி, பிஸ்டனை அழுத்தாமல் திருகித் திருகி உள்ளே அனுப்பி, புதுசைப் பொருத்தினான். வலப்பக்கம் போனதும் கை ஓடவில்லை. "அது நயினார் அண்ணன் ஸ்டேஷன்க்கா. அவனும் நானும் பேசுறதில்ல" என்றான் நடேசன் மனைவி சரோஜாவிடம். நயினார் அவனுக்குப் பெரியப்பா மகன். லைனில் எதிரே நின்று வலது பிரேக் பூட்டுபவன். நயினாரின் தங்கை சந்தனமாரி கல்யாணத்துக்குப் போகாமல் வனமாமலை ஓ.டி. பார்த்ததிலிருந்து பேச்சு அறுந்திருந்தது.

சரோஜாவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வாராவாரம் இடது சீட்டில் உட்கார்ந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பிரேக் போட்டால் வயிற்றுவலியும் நின்றது. அவள் முகம் சுளித்தால் போதும், நடேசன் மிதித்தார். மூன்று மழைக்காலம் போயிற்று. அவருக்குத் தலை நரைத்தது, அவளுக்கு நரைக்கவில்லை. நின்ற நேரத்தில் அவர் பேசியது எதுவும் அவள் காதில் விழவுமில்லை.

"இன்னாய்யா சொன்னே?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கிக்கினு இருந்தே."

"பொய் சொல்லாதே. கண்ணு இன்னாத்துக்கு கலங்கிக்கீது?"

அன்று மாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நயினாரின் அறைக்கு நடந்தாள். "வலி இருந்தா இருந்துட்டுப் போவுது. எங்க வூட்டுக்காரரு தனியா அழுவுறாருப்பா. அந்தப் பக்கத்தையும் மாத்திக் குடு."

நயினார் வந்தான். அதற்குள் இடதும் தேய்ந்திருந்ததால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தினார்கள்.

"ஏலே, முன்வீலுக்குக் கல்லு வச்சியா?"

"வச்சாச்சுண்ணே. ஹேண்ட்பிரேக்கும் எறக்கியாச்சு." வனமாமலை கொஞ்சநேரம் திருகினான். "மாரிக்குப் புள்ள பொறந்திருக்காமே?"

"அது நடக்கவே ஆரம்பிச்சிட்டு. மாமன்காரன் மூஞ்சியத்தான் இன்னும் பாக்கல."

அதன்பின் நடேசன் பிரேக் போட்டால் வலம், இடம், வலி, அவர், அவள் எல்லாம் சேர்ந்தே நின்றன. நின்றவர் காலைப் பெடலிலிருந்து எடுப்பது யார் என்று வடக்குப்பட்டில் எவரும் கேட்டதில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ் பின்னால் நின்று ஹாரன் அடிக்கும். டீ டம்ளரில் விழும். பாதியில் நின்ற பேச்சை நடேசன் தொடர்வார். சரோஜா 'ம்' கொட்டுவாள்.