விடுபட்ட எட்டுப் பேர்

"கையெழுத்து போட்டுடறேன் டீச்சர். ஆனா இதுல இன்னா எழுதிக்கீதுன்னு ஒரு தபா படிச்சுச் சொல்லிடுங்க," என்றாள் காசியம்மாள்.

மணிமொழி படிக்கவில்லை. "ஒண்ணுமில்லக்கா. குடும்பச் சூழ்நிலையால பொண்ணை வேற ஸ்கூல்ல சேத்துக்கறோம், டி.சி. குடுங்கன்னு இருக்குது. அவ்ளோதான்" என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

கடிதம் மணிமொழியின் கையெழுத்தில்தான் இருந்தது. அன்று காலை வேங்கிக்காலில் தன் வீட்டில் உட்கார்ந்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி எட்டுக் கடிதம் எழுதியிருந்தாள்.

அடி அண்ணாமலை காலனியில் அந்த மே மாத மதியம் காற்றே இல்லை. தொகுப்பு வீட்டின் உள்கதவை ஒட்டி எழில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். பாத்திரம் கழுவிய ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தவள், அதன் பிறகு கையை எடுக்கவேயில்லை.

"வேற ஸ்கூல்னா எது டீச்சர்?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்கா. பத்தாவது பப்ளிக் எக்ஸாம். எழிலுக்குக் கணக்குல இருபத்தேழுதான். பெயில் ஆனா அவ மனசு ஒடிஞ்சிடும். அதுக்கு முன்னாடியே..."

காசியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதைல மோர் விக்க இவளையும் இழுத்துக்கினு போறேன், அதான் படிப்பு ஏறலையோன்னு நெனச்சேன். மண்டைலயே ஒண்ணும் இல்லேன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்."

அவள் கையெழுத்தைப் போட்டாள். போட்ட பிறகு, "நீங்க நம்ம ஜனம். நீங்க சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்" என்றாள்.

தலைமையாசிரியர் முருகவேல் மணிமொழியை அனுப்பியதும் அதற்காகத்தான். நகரத்துக்குள் இருந்த அந்த அரசு உதவி பெறும் பள்ளி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மூன்று வருடமாகத் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டவில்லை. "ஒன்பதாவதுல கடைசில இருக்கற எட்டுப் பேரை வெச்சுக்கிட்டு நூறு காட்ட முடியாது மேடம். நான் போனா சண்டைக்கு வருவாங்க. நீங்க போனா நம்ம பொண்ணுன்னு கேப்பாங்க" என்றார். எட்டுப் பேரும் காலனிப் பிள்ளைகள். அதே மதிப்பெண் வாங்கிய கடைத்தெருப் பிள்ளைகள் மூன்று பேர் பட்டியலில் இல்லை. மணிமொழி அதைச் சுட்டிக் காட்டியபோது, "அவங்க அப்பாங்க வந்து பேசிட்டாங்க. சாயங்காலம் தனியா உக்கார வெச்சுத் தேத்திடலாம்" என்று சொல்லி, அடுத்த பைலை எடுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வேலை நிரந்தரமாகி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பள்ளியில் அவள் ஜாதியில் அவள் ஒருத்திதான் ஆசிரியை. எட்டுக் கடிதங்களும் இரண்டே நாளில் கையெழுத்தாகி வந்துவிட்டன.

மறுவருடம் பள்ளி நூறு சதவீதம் எடுத்தது. அந்த மூன்று பிள்ளைகளும் தேறினார்கள். மாலை நேரத்தில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள் மணிமொழிதான். வாசலில் பேனர் கட்டினார்கள். அதில் அவள் படமும் இருந்தது.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து கவியா வந்தாள். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மேலேயும் சிலர் கீழேயும் போவது எதனால் என்று பார்ப்பது அவள் வேலை. மாவட்டத்தில் அறுபது பள்ளிகளின் மதிப்பெண்களை வாங்கி வைத்திருந்தாள்.

"எல்லா ஸ்கூல்லயும் காலனிப் பசங்களுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல பதினஞ்சு, இருபது மார்க் வித்தியாசம் இருக்கு சார். உங்க ஸ்கூல்ல இல்லவே இல்ல. எப்படிப் பண்றீங்க?" என்று நிஜமான ஆவலோடு கேட்டாள்.

முருகவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தனி கவனம்தான் மேடம். எங்க மணிமொழி மேடமே அந்தச் சமுதாயம்தான். வீடு வீடாப் போவாங்க. கேட்டுப் பாருங்க."

கவியா பக்கத்தில் நின்றிருந்த மணிமொழியிடம் திரும்பினாள். "வீட்டுக்கே போவீங்களா மேடம்?"

"போவேன்" என்றாள் மணிமொழி. அது பொய் இல்லை. "சாயங்காலம் தனியா சொல்லித் தருவோம்." அதுவும் பொய் இல்லை.

கவியா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நல்ல பெண். போளூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், தானும் அரசுப் பள்ளியில் படித்தவள் என்று சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்க, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு அருகே தான் தங்கியிருந்த விடுதிக்கு வர முடியுமா என்று கேட்டாள். மணிமொழி போனாள்.

மாடி வராந்தாவில் மேசை போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறைக் கதவு திறந்தது. கசங்கிய படுக்கை விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் வாளியோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

எழில்.

உயரமாகியிருந்தாள். விடுதிக்காரர்கள் கொடுத்த நீலச் சட்டை தோளில் தொளதொளத்தது. மணிமொழியைப் பார்த்ததும் பழக்கத்தில் வாளியைக் கீழே வைத்து நேராக நின்றாள், வகுப்பில் நிற்பது மாதிரி.

"குட் மார்னிங் மிஸ். நல்லா இருக்கீங்களா மிஸ்?"

மணிமொழி தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்க ஸ்டூடண்டா?" என்று கவியா சிரித்தபடி கேட்டாள். "என்னம்மா, லீவுல வேலைக்கு வந்திருக்கியா? இப்ப பிளஸ் ஒன்னா?"

எழில் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். அதற்குள் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"இல்ல மேடம். நான் இவங்க ஸ்கூல் இல்ல. எங்க ஊருக்கு வருவாங்க, அப்போ பாத்திருக்கேன்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மணிமொழியின் மானத்தைக் காப்பாற்ற, அவள் துரத்திய பிள்ளை பொய் சொல்லிவிட்டுப் போகிறது. ஒன்பதாவதில் மணிமொழி வாங்கிய கணக்கு மதிப்பெண் முப்பத்தொன்று. அன்று யாரும் தண்டராம்பட்டுப் பக்கத்து அவள் சேரிக்கு வந்து அப்பாவிடம் காகிதம் நீட்டவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என் ஸ்டூடண்ட்தாங்க" என்றாள்.

கவியா நிமிர்ந்தாள்.

"பேரு எழில். நான்தான் அவங்க வீட்டுக்குப் போய் டி.சி.க்குக் கையெழுத்து வாங்கினேன். அவளோட சேத்து எட்டுப் பேர். அவங்க இருந்திருந்தா உங்க பதினஞ்சு மார்க் வித்தியாசம் எங்க ஸ்கூல்லயும் இருந்திருக்கும். இதே மார்க் வாங்கின மூணு பேரை வெச்சுக்கிட்டு நாலு மாசம் சொல்லிக் குடுத்தோம். மூணு பேரும் பாஸ். நாங்க இடைவெளியக் கொறைக்கலைங்க. ஆளைக் கொறைச்சோம்."

எட்டுப் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஒன்றுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கவியா எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து கவியாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், எங்க புரொபசர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்க ஸ்கூல் டேட்டாவ நம்ப முடியாதுன்னு, ஆராய்ச்சியிலருந்தே எடுத்துட்டாங்க."

"அந்த எட்டுப் பேரு?"

"நாங்க பரிட்சை எழுதினவங்கள மட்டும்தான் மேடம் பாக்கறோம். எழுதாதவங்களுக்கு எங்க ஃபாரத்துல இடமே இல்ல. சண்டை போட்டுப் பாத்தேன். எனக்கே வெக்கமா இருக்குது மேடம்."

எட்டுப் பேரும் முதலில் பள்ளிப் பதிவேட்டிலிருந்து போனார்கள். இப்போது ஆராய்ச்சியிலும் இல்லை. வாசலில் பேனர் மட்டும் அப்படியே இருந்தது. கவியாவிடம் தான் பேசியதை முருகவேலிடம் சொல்லிவிட்டு, மணிமொழி அன்று சாயங்காலமே அடி அண்ணாமலைக்குப் பேருந்து ஏறினாள். பின்னால் அவர் கத்திக்கொண்டிருந்தது கேட் வரை கேட்டது.

காசியம்மாள் வீட்டில் அவள் உட்காரவில்லை.

"அக்கா, எழில் படிக்க மாட்டான்னு நான் சொன்னது பொய். அவளை மாதிரியே மார்க் வாங்கின வேற பசங்க பாஸ் பண்ணிட்டாங்க. சொல்லிக் குடுத்திருந்தா அவளும் பண்ணியிருப்பா. ஸ்கூல் பேருக்காக உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன்."

காசியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. "அப்போ அவ மக்கு இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா."

"ஒரு வருசத்துக்கு மேல, காலைல எழுப்பும்போதே மக்குன்னுதானே எழுப்பறேன்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அவளும் ஒரு நாள்கூட இல்லம்மான்னு சொல்லலியே டீச்சர்."

எழில் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணிமொழி அவள் பக்கம் திரும்பினாள். "பிரைவேட்டா எழுதலாம் எழில். பணம் நான் கட்டறேன். தெனமும் சாயங்காலம் நானே வந்து சொல்லித் தரேன்."

எழில் உள்ளே போய், அம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா குடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

"மத்த ஏழு பேரு வீட்டுக்கும் போய் இதையே சொல்லுங்க மிஸ். எங்கம்மாகிட்ட சொன்ன மாதிரியே, நின்னுக்கிட்டே. அவங்களும் வரேன்னு சொன்னா நானும் வரேன். எனக்கு மட்டும்னா வேணாம்."

குரலில் கோபமில்லை. விடுதியில் பேசிய அதே மரியாதைதான்.

நாலு வாசல் தள்ளி, எட்டுப் பேரில் ஒருவனான பாலாஜியின் வீடு. பாலாஜி பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்ப் பத்து மாதமாகிறது. அவன் அப்பா எழுந்து வந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர். பையனப் பத்தி ஏதாச்சும் விசேசமா?" என்று முகம் மலரக் கேட்டார்.

மணிமொழி சொன்னாள். முதல் வீட்டில் சொன்னதைவிட இங்கே சொல்வது கடினமாக இருந்தது. இன்னும் ஆறு வீடு இருந்தது.