வாங்கப்போகிறவருக்காக ஒரு கார்

கடையில் அவளைக் கறைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஒரு டிரை கிளீனிங் கடை. இஸ்திரிக்கு ஒருவர், கல்லாவில் முதலாளியம்மா, கறை எடுக்க இவள். ஒரு கோட் மேஜைமேல் வந்து விழுந்தால் முதலில் கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். பிறகு அக்குள், பிறகு கைவிளிம்பு. "ஒரே ஒரு தடவைதாம்மா போட்டேன்" என்று கோட்டுக்காரர் சொல்வது எவ்வளவு நிஜம் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் ஷட்டரை இறக்கும்போது முதலாளியம்மா சொன்னாள். "எனக்கு முட்டி போச்சு. இன்னும் மூணு வருஷம் இழுத்துப் பிடிப்பேன். அப்புறம் கடைய நீ எடுத்துக்கோ. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. அதுக்காக சும்மா கொடுத்துடுவேன்னு நினைக்காதே, ஆமா."

கறைக்காரி அன்றைக்கு வீட்டுக்குப் பறந்துதான் போனாள். பாங்கில் அவள் பெயரில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். இன்னும் மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் கணக்கு சரியாக வரும் என்று தோன்றியது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன். அதனாலோ என்னவோ, அவனுக்குத் தரையோடு தரையாக ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்மேல் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"பாங்குல போட்டா பணம் தூங்கும். இதப் பாரு. ரெண்டு சீட் வண்டி. இந்த மாடலக் கம்பெனி நிறுத்திட்டான். இனிமே புதுசு கிடையாது. விலை இறங்கவே இறங்காது. மூணு வருஷம் வச்சிருந்து வித்தா போட்டது வந்துடும், மேல கொஞ்சமும் வரும். செலவு இல்ல இது, சேமிப்பு."

"சேமிப்புன்னா எதுக்கு வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்றாள் அவள்.

"சேமிச்சா சந்தோஷப்படக் கூடாதா?"

கூடத்தில் இருந்த மாமனார் அங்கிருந்தே கேட்டார். "ரெண்டு சீட்டா? அப்ப நான் எங்க உக்கார்றது?" அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எந்த வண்டிப் பேச்சு வந்தாலும் அவருக்கு அதில் ஒரு சீட் வேண்டும்.

அவள் நாலு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. "வண்டிய நான்தான் பாத்து எடுப்பேன். நமக்குப் பிடிச்சிருக்கான்னு பாக்கப்போறதில்ல. நம்மகிட்ட இருந்து வாங்கப்போறவருக்குப் பிடிக்குமான்னுதான் பாக்கணும்."

அந்த வாங்கப்போகிறவர் அப்படித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

முதல் ஷோரூமில் மஞ்சள் நிறத்தில் ஒன்று நின்றது. கணவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மஞ்சள் நூத்துல ஒருத்தருக்குத்தான் பிடிக்கும்" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது இடத்தில் வண்டி பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்து பார்த்தாள். ஸ்போர்ட்ஸ் காரில் எல்லாரும் சீட்டின் கதவுப் பக்க விளிம்பில் தொடையை உரசித்தான் உள்ளே இறங்க வேண்டும். அந்த விளிம்பில் தோல் வெடித்து, மேலே சாயம் பூசியிருந்தது. மீட்டரோ கொஞ்சமாகத்தான் ஓடியதாகச் சொன்னது. கைவிளிம்பு நைந்த கோட்டை ஒரே தடவைதான் போட்டேன் என்பதுபோல. கதவைச் சாத்தினாள்.

கடைசியில் ஒரு சாம்பல் நிற வண்டி அமைந்தது. மீட்டர் இருபத்திரண்டாயிரம் சொன்னது, சீட்டின் விளிம்பும் அதையே சொன்னது. பெயின்ட் கம்பெனி அடித்தது. ரெண்டு சாவியும் இருந்தன. சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக முத்திரை. "சாம்பல் யாருக்கும் பிடிக்காமப் போகாது" என்றாள்.

"யாருக்கும் பிடிச்சும் போகாது" என்றான் அவன். இருந்தாலும் சாவியை அவன்தான் முதலில் கை நீட்டி வாங்கினான்.

வண்டி ஷெட்டுக்குள் போனது. அவ்வளவுதான், போனது போனதுதான். ரெண்டு சீட்டுக்கும் கனமான பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டாள். உள்ளே தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. மழையில் வெளியே எடுக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு நாள் அமைந்தால் மீட்டர் ஏறுமே என்று அவளுக்குக் கவலை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கணவன் இன்ஜினை ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் இருக்க ஷெட்டுக்குள்ளேயே முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம் நகர்த்துவான். எப்போதாவது விடியற்காலையில் தெருமுனை வரை போய்த் திரும்புவான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆயிலை அவனே மாற்றினான். சர்வீஸ் சென்டர் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. "அங்க போய் வர்ற தூரமே மீட்டர்ல ஏறிடும். எதுக்கு?" என்று அவள்தான் சொன்னாள். அது புத்திசாலித்தனம் என்றே ரெண்டு பேரும் நினைத்தார்கள்.

மாமனாரால்தான் தாங்க முடியவில்லை. முதல் வாரமே செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு ரவுண்டு. இந்தத் தெரு மட்டும்."

"வேணாம் மாமா. சீட்டு விளிம்பு தேஞ்சிடும். வாங்கப்போறவர் முதல்ல அதைத்தான் பாப்பார்."

"ஓட்டல. சும்மா உக்கார்றேன்."

"உக்கார்றப்பதான் மாமா தேயும்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஷெட் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கமாகிவிட்டது. "வாங்கப்போறவர் சௌக்கியமா? சாப்பிட்டாரா?" என்பார். அவள் துணி போட்டு வண்டியைத் துடைத்தால், "பெத்த அப்பனுக்குக்கூட இந்த வீட்ல இவ்வளவு மரியாதை இல்ல" என்பார். "அந்த மகராசன் வரட்டும். நேர்ல ரெண்டு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் குத்தவும் செய்யும். ஆனால் சாவியை மட்டும் கொடுக்கமாட்டாள்.

மூன்று வருடம் முடிந்தது. சொன்னபடி முதலாளியம்மா கடையை விடத் தயாரானாள். கூடவே ஒரு செய்தியும் சொன்னாள். "பக்கத்துல போன் கடை வச்சிருக்கவன் வந்து கேட்டான். நான் உனக்குத்தான்னு சொல்லிட்டேன். ஆனா இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல அவனுக்கே கொடுன்னு என் பையன் என்னை விடமாட்டான்."

விற்பனை விளம்பரம் போட்டார்கள். படத்தில் வண்டி நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் வந்தவர் ஒரு காப்பீட்டு ஏஜென்ட். மீட்டரைப் பார்த்தார். வாங்கியபோது இருந்ததைவிட முந்நூறு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று வருடமாக முத்திரையே இல்லை. "மூணு வருஷத்துல முந்நூறா? தள்ளிட்டுப் போனாக்கூட அதைவிட அதிகம் ஓடும் தம்பி" என்று கணவனின் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் கூடவே ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தரகர் வண்டியின் உள்ளே தலையை விட்டு, வெளியே எடுத்து, அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "மீட்டரத் திருப்பியிருக்காங்க சார். அதான் சர்வீசுக்கே விடல. விட்டா ஓடின தூரம் அங்க பதிவாகிடுமே. பாதி விலைக்குக் கேளுங்க, கொடுத்துட்டு ஓடுவாங்க."

"நாங்க திருப்பல" என்றாள் அவள்.

"யாரும்மா திருப்பினேன்னு சொல்லுவாங்க?"

கோட் பாக்கெட்டில் சில்லறை கிடந்தால்கூட உறையில் போட்டுப் பெயர் எழுதித் திருப்பிக் கொடுப்பவள். முகம் சுருங்கிப் போய் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சீட்டின் விளிம்பைக் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உறை போட்டு மூடியதால் எவ்வளவு ஓடினாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும் என்பார்கள். கறை எடுப்பது அவளுக்குத் தெரியும். இல்லாத கறையை எப்படி எடுப்பது?

"ஓட்டியிருக்கலாம்" என்றான் கணவன். குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண் ஆட்டோவில் வந்தாள். கால்நடை மருத்துவர். ஐம்பது வயது இருக்கும். தலையைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கூடவே கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாயும் இறங்கியது.

"மஞ்சள்தான் தேடிட்டு இருந்தேன். கிடைக்கவே இல்ல" என்றாள் டாக்டர்.

கணவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் வண்டியைப் பார்த்தாள்.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தாள். இன்ஜினைப் போட்டுக் கேட்டாள். மீட்டரைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். அடுத்து என்ன வார்த்தை வரும் என்று கறைக்காரிக்குத் தெரியும்.

"தப்பா நினைக்காதீங்க. வண்டி பிடிச்சிருக்கு. ஆனா மூணு வருஷம் ஒருத்தர் இதை வாங்கி வச்சிட்டு ஓட்டாம இருந்தாங்கன்னா, நான் எப்படிங்க நம்புறது?"

"நிஜமாவே ஓட்டலங்க" என்றாள் கறைக்காரி.

அப்போதுதான் ஷெட் வாசல் நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து வந்தார்.

"நீதானா அது?"

"யாரு?" என்றாள் டாக்டர்.

"வாங்கப்போறவர். ஆம்பளைன்னு நினைச்சிட்டு இருந்தேன். பொம்பளையா இருந்தா என்ன, கேக்க வேண்டியத கேக்கணும்ல? உன்னால இந்த வீட்ல நான் பட்ட பாடு தெரியுமா?"

"அப்பா, சும்மா இருங்க" என்றான் கணவன்.

"நீ சும்மா இருடா. முப்பது வருஷம் பஸ் ஓட்டினேம்மா நான். ஒரு நாய் மேலகூட ஏத்தினது இல்ல. அப்படிப்பட்டவன், என் வீட்டு வண்டில, ஒரே ஒரு தடவை உக்காரணும்னு கேட்டேன். ஓட்டக்கூட இல்ல, உக்கார! சீட்டு தேஞ்சிடுமாம். யாருக்கு? உனக்கு! மழைன்னா உனக்காக எடுக்க மாட்டாங்க. வெயில்னா உனக்காக எடுக்க மாட்டாங்க. எனக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட ஆட்டோவுலதாம்மா கூட்டிட்டுப் போனாங்க!"

"அது வாயுத் தொல்லை மாமா" என்றாள் கறைக்காரி மெதுவாக.

"வாயுவோ வாதமோ, ஷெட்ல வண்டி நிக்குதுல்ல? இதுங்க எதுக்குக் கார் வாங்குச்சுங்க? துடைக்கிறதுக்கா? வாரா வாரம் இவன் முன்னாடி ஒரு முழம், பின்னாடி ஒரு முழம் நகத்துவான். தொட்டில் ஆட்டுற மாதிரி! நான் இந்த நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாப்பேன். நாற்காலி காலே தரையில குழி பறிச்சிடுச்சு, வந்து பாரு!"

டாக்டர் உண்மையாகவே போய்ப் பார்த்தாள். சிமென்ட் பெயர்ந்து நாலு குழி இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கோபத்தில் அவருக்குக் கண்ணோரம் ஈரமாகியிருந்தது. இப்படி ஒரு மனக்குறையை யாரும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைக்க முடியாது.

"சரிங்க, நம்புறேன்" என்றாள். "ஆனா நின்னே கிடந்த வண்டி. டயரு, பெல்ட்டு, பேட்டரி எல்லாம் மாத்தணும். அந்தச் செலவை விலையில குறைச்சுக்குங்க."

பேசி முடித்தார்கள். போட்ட பணம் வந்தது. லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கடைக்கு அது போதும்.

பணம் கைமாறி, கையெழுத்தெல்லாம் ஆன பிறகு கறைக்காரி கத்தரிக்கோலை எடுத்து வந்து சீட் உறைகளின் தையலைப் பிரித்தாள். பிளாஸ்டிக் சரசரவென்று கழன்றது. தோல் புதுசாகவே இருந்தது. அவள் நிமிர்வதற்குள் நாய் ஒரே தாவலாகத் தாவி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நகம் தோலில் கீறிய சத்தம் அவளுக்கு முதுகுத்தண்டில் கேட்டது.

"அவனுக்கு அந்த சீட்டுதான்" என்றாள் டாக்டர். "ஆனா இன்னைக்கு முதல் ரவுண்டு பெரியவருக்கு. டேய், இறங்கு."

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். வண்டி தெருமுனையைத் தாண்டி, கணவன் எப்போதும் திரும்பும் இடத்தையும் தாண்டிப் போய் மறைந்தது. கறைக்காரி நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவள் புடவை முழுக்க முடியை அப்பியது.

திரும்பி வந்ததும் அவரை வெளியே எடுக்க ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் கையை இழுக்க, ஒருவர் முதுகைத் தாங்க, முனகிக்கொண்டே எழுந்து நின்றார்.

"எப்படி இருந்துச்சுப்பா?" என்றான் கணவன் ஆசையாக.

"இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்? பஸ்ல உக்காந்தா ஊரப் பாக்கலாம். இதுல உக்காந்தா லாரி டயரத்தான் பாக்க முடியுது." இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க வண்டி போன திசையிலேயே அவர் கண் இருந்தது.

டாக்டர் கிளம்பும்போது நாய் தன் மூக்கை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் அழுத்தி ஒரு ஈர வளையம் போட்டது. கறைக்காரியின் கை தானாக இடுப்பில் செருகியிருந்த துணிக்குப் போனது. பிறகு துணியை அங்கேயே விட்டுவிட்டாள்.

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்பே முதலாளியம்மா சாவியைக் கொடுத்தாள். முதல் நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது மாமனார் அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்.

"இங்கயாவது என்னை உள்ள உக்கார விடுவியா?"

"கல்லா பக்கத்துல போடுங்க மாமா" என்றாள். "நாற்காலி காலுக்கு அடியில மட்டும் ஒரு துணி போட்டுக்குங்க. தரை இப்பத்தான் பூசினது."